நடுவில் கோடு போட்ட கடதாசி

எனக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை எழுதுவது சுகம். ஊர் உலகத்தின் மேலெல்லாம் இல்லை. மூன்று வீடு வாங்கியவனைக் கண்டாலும், பிள்ளையை டொக்டராக்கியவனைக் கண்டாலும் எனக்கு ஒன்றும் செய்யாது. என் பொறாமை முழுவதும் ஒரே ஒரு மனிதருக்கு. அவர் என் சகலன், என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஆறு வயது இளையவர். வாய் நிறைய 'அண்ணை, அண்ணை' என்பார். அந்த மரியாதையிலேயே எனக்குப் பாதி எரிச்சல் வரும்.

இரண்டு பேரும் ஒரே ஆண்டில்தான் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தோம். நான் ஹனோவருக்கு வெளியே, பழைய கார்கள் திருத்துகிற ஒரு கராஜில் மெக்கானிக்காகச் சேர்ந்து, இன்றைக்கும் அதே நீல உடுப்போடு அங்கேயே நிற்கிறேன். அவர் கந்தோர்கள் கூட்டித் துடைக்கப் போய், பிறகு கூட்டித் துடைக்க ஆள் அனுப்புகிற கொம்பனி தொடங்கி, இப்போது முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். நேர்மையாக உழைத்து முன்னுக்கு வந்த மனிதர். பிழை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கரைச்சலே.

ஒரேயொரு விஷயத்தில் நான் அவருக்கு மேல். கார். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன். அவருக்குத் தன் காரின் பெற்றோல் மூடி எந்தப் பக்கம் என்பதே நிச்சயமில்லை. கார் என்று வந்தால் எங்கள் குடும்பத்தில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கராஜின் பின்பக்கத்தில் ஒரு பச்சைக் கார் நின்றது. அறுபதுகளில் செய்த பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, திறந்து மூடும் கூரை, நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர், வலது பக்கத்தில் ஸ்டியரிங். செய்த கொம்பனியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் சகலன் இந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன் பல் வைத்தியர். பன்னிரண்டு வருடமாக அந்தக் காரை நான்தான் பார்த்து வந்தேன். வேலை முடிந்த பிறகும் ஐந்து நிமிஷம் அதற்குள் சும்மா உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்தால் கியரைச் சரிபார்ப்பதுபோல் நடிப்பேன்.

ஒரு பங்குனி மாதம் வைத்தியர் பொல்லூன்றிக்கொண்டு வந்தார். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். அவ்வளவு தாழ்ந்த காருக்குள் இனித் தன்னால் இறங்கி ஏற முடியாது, விற்கப்போகிறேன் என்றார். "முதலில் உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் கைக்குத்தான் அது பழக்கம்."

சனிக்கிழமைகளில் மேலதிகமாக வேலை செய்த காசை நான் தனியாகச் சேர்த்து வைத்திருந்தேன். மனைவிக்குத் தெரியாது. நாலு வருடமாகப் புதுக் குசினி போட்டுத் தருகிறேன் என்று அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிற மனிசன், கார் வாங்கக் காசு வைத்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் அந்தக் காசும் கொஞ்சம் போதவில்லை. இலை கொட்டுகிற காலம் வரைக்கும் பொறுப்பீர்களா என்று கேட்டேன். வைத்தியர் சம்மதம் என்று கை தந்தார்.

அந்தக் கிழமையே நான் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். அந்தக் காருக்கு இங்கிலாந்திலிருந்து புதுப் பெற்றோல் பம்ப் ஒன்று எடுப்பித்தேன். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் பெற்றோலை எஞ்சினுக்கு அனுப்ப ஒரு சின்ன மின்சாரப் பம்ப் இருக்கும். திறப்பைத் திருகினால் பின்பக்கம் டிக், டிக் என்று கேட்கும். பழசானால் நினைத்த இடத்தில் நின்றுவிடும். ஸ்பானரின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப வேலை செய்யும். பச்சைக் காரின் பம்ப் கடைசிக் காலத்தில் இருந்தது. கார் எனக்கு வருகிற அன்றைக்கு என் கையால் புதுசு பூட்டவேண்டும் என்று, வந்த பெட்டியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கலியாணம் பேசி முடியுமுன்பே தாலிக்குப் பொன் உருக்கிய கதை.

ஈஸ்டர் முடிந்து சகலன் கோடை ரயர் மாற்ற வந்தார். "அண்ணை, எனக்கும் ஒரு பழைய கார் எடுக்க ஆசையாக் கிடக்கு. ஒரு அமெரிக்கனைப் பாத்து வைச்சிருக்கிறன்" என்று போனில் படம் காட்டினார்.

எனக்கும் என்றாரே, அந்த 'எனக்கும்' என்னைச் சுட்டது. வாயை மூடிக்கொண்டு ரயரை மாற்றி அனுப்பியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், பச்சைக் காரின் சீலையை உரித்துக் காட்டினேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த முகத்தில் பொறாமையைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. பார்த்தேன். அரை நிமிஷம் இனித்தது.

"இது ஆற்ற?"

"ஒரு பல் வைத்தியற்ற. மனிசனுக்கு இடுப்பு ஏலாது, விக்கிற யோசனைபோல." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அமெரிக்கக் காரை ஓடிப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மனைவியும் வந்தாள். அவளைப் பின்சீற்றில் மடக்கி இருத்திவிட்டு ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறினோம். சிவப்புக் கார், எட்டு சிலிண்டர், கிட்டத்தட்ட ஐந்து லீற்றர் எஞ்சின். காலை அழுத்தினால் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. வளைவுகளில் மட்டும் சோபாவில் இருந்து சறுக்குகிற மாதிரி இருந்தது. நான் புகழ்ந்தேன். தரகுக் காசு வாங்குகிறவன்கூட அப்படிப் புகழ்ந்திருக்கமாட்டான்.

"அண்ணை, நேர சொல்லுங்கோ. இதுவோ, அந்தப் பச்சையோ?"

"இதை எடும். கண்ணை மூடிக்கொண்டு எடும்."

"அப்ப பச்சை?"

"அது சனியன். வீட்டுக்குள்ள விடாதையும்."

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, எல்லாவற்றையும் விளக்கமாக எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். கொம்பனி நடத்துகிறவர் அல்லவா, எதற்கும் கடதாசி வேண்டும். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் பிரித்தானியா, மறுபக்கம் அமெரிக்கா என்று எழுதினேன். வேகம்: அமெரிக்கன் வெல்லும். இழுவை: அதுவும் அமெரிக்கன். வாங்குகிற விலை: பச்சை மூன்றில் ஒரு பங்கு கூட. உதிரிப்பாகம்: அமெரிக்கனுக்கு இங்கேயே கையிருப்பில் உண்டு, மலிவு, பச்சைக்கு, பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு வெளிக்கிட்ட பிறகு, சுங்கக் கடதாசியோடு மூன்று கிழமை. கறள்: பச்சைக்குக் கதவடி முழுக்கத் துரு. ஒயில்: நிற்கிற இடமெல்லாம் சொட்டும். லைற்: மழை பெய்தால் சந்தேகம். பெற்றோல் குடிப்பதில் மட்டும் அமெரிக்கன் மோசம், நகரத்துக்குள் நூறு கிலோமீற்றருக்கு இருபது லீற்றர் இழுக்கும். பழைய வாகனங்களுக்கான நம்பர் தகடு எடுத்தால் வரி இரண்டுக்கும் ஒன்றுதான். அடியில் பெரிய எழுத்தில், 'பச்சை வேண்டாம்' என்று எழுதிக் கீழே கோடும் இழுத்தேன்.

அம்மன் அறிய அந்தக் கடதாசியில் ஒரு பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. எழுதியது மட்டும் உண்மைக்காக இல்லை.

இங்கே எங்கள் குடும்பத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்களுக்குள் யாரும் யாருக்கும் நல்ல புத்தி சொல்லி ஒரு பொருள் வாங்கியது கிடையாது. அவர் வீடு வாங்கப் போனபோது கூரை சரியில்லை என்று நான் சொன்னேன். வாங்கினார், கூரை இன்றைக்கும் கல்லுப்போல இருக்கிறது. நான் வீடு பார்த்தபோது பக்கத்தில் ரயில் சத்தம் என்று அவர் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டேன், அந்த வீடு இப்போது இரண்டு மடங்கு விலை. சகலன் வேண்டாம் என்றால் ஓடிப்போய் வாங்கு என்பதுதான் நாங்கள் பட்டுத் தெளிந்த பாடம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் 'வேண்டாம்' என்று கோடிழுத்து எழுதிக் கொடுத்தேன். பொறாமை வந்தால் புத்தி முன்கதவால் போய்விடுகிறது.

பத்து நாளில் வைத்தியர் கராஜுக்குப் போன் எடுத்தார். குரலில் சந்தோஷம். ஜெர்மன்காரருக்குச் சகலனும் 'ஷ்வாகர்'தான். "உங்கள் ஷ்வாகர் வந்தார். உங்கள் பெயரைச் சொன்னார். நீங்கள்தான் அனுப்பியிருப்பீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். குடும்பத்துக்குள்தானே போகிறது, அவருக்கே கொடுத்துவிட்டேன். நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்."

நான் அனுப்பவில்லை என்று சொல்லலாம். சொன்னால், அதை எனக்கென்று கேட்டு வைத்திருந்தேன் என்பது சகலனுக்குப் போகும். அவரிடமிருந்து மனைவிக்குப் போகும். மனைவியிடமிருந்து குசினிக்குப் போகும். "மிக்க நன்றி" என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு ஒரு நட்டைத் திருகித் திருகி அதன் புரியை உடைத்தேன்.

கோடையில், திருவிழாக் கூட்டம் எல்லாம் அடங்கிய பிறகு, காருக்குப் பூசை செய்ய ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனோம். மச்சாள், சகலனின் மனைவி, காலையிலேயே உப்பும் செத்தல் மிளகாயும் கையில் பொத்திக் காரை மூன்று தரம் சுற்றிவந்து, "ஊர்க்கண், உறவுக்கண், கண்டார் கண், எல்லாக் கண்ணும் போ" என்று கண்ணூறு கழித்திருந்தாள். உறவுக்கண் என்ற இடத்தில் நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன்.

கோயில் வாசலில் நாலு சில்லுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பொனெற்றில் சந்தனம், குங்குமம். இனிக் காரை உருட்டிப் பழங்களை நசிக்கவேண்டும். சகலனுக்கு இடது கையால் கியர் போட வரவில்லை. மூன்று தரம் உதறி உதறி எஞ்சின் நின்றது. பின்னால் இன்னும் இரண்டு கார் பூசைக்கு நிற்க, அவருக்கு வியர்த்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா எடுத்து விடுங்கோ. நான் படம் எடுக்கிறன்."

உட்கார்ந்தேன். திறப்பைத் திருகினேன். பின்னால் டிக், டிக் என்றது. அதற்குள் ஐயர் தட்டோடு என் பக்கத்துக் கதவடிக்கு வந்து, வாகனத்தில் இருக்கிறவர்தானே சொந்தக்காரர் என்ற நினைப்பில் கேட்டார்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

என் வாய் என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொன்னது. நான் யோசித்துச் சொல்லவில்லை, அதற்காகத் திருத்தவும் இல்லை. ஐயர் அப்படியே மந்திரத்தில் சேர்த்துச் சொல்லி முடித்துக் கர்ப்பூரம் காட்டினார். சகலன் அங்கால் போனோடு நின்றார், அவருக்குக் கேட்கவில்லை. நான் கிளச்சை மெதுவாக விட்டேன். நாலு பழமும் ஒன்றாக நசிந்தன. அந்தக் கார் என்னுடையதாக ஓடிய தூரம் அவ்வளவுதான். திறப்பைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

திரும்பி வருகிற வழியில் மனைவி ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஐயரிட்ட உங்கட பேரைச் சொன்னீங்கள் என்னப்பா."

"பதட்டத்தில வந்திட்டுது."

"ஓம்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனி கடைசியில் முதல்தரம் கார் சகலனை ரோட்டில் விட்டது. போய்ப் பார்த்தேன். பம்ப். டிக்கியைத் திறந்து ஸ்பானர் பிடியால் ஒரு தட்டு. ஓடியது. புதுப் பம்ப் என் அலமாரியில் பெட்டியோடு இருந்தது. பூட்ட அரை மணித்தியாலம் போதும். நான் பூட்டவில்லை. "பழைய கார் எண்டால் இப்பிடித்தான்" என்றேன்.

இரண்டாவது தரம் ஒரு கலியாண வீட்டு வாசலில், பட்டுச் சீலைகளுக்கு நடுவில். மூன்றாவது தரம் ஓட்டோபானில், மழையில், இழுவை வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தரமும் நான் தட்டினேன். ஒவ்வொரு தரமும் சகலன் நன்றி சொன்னார். என் திட்டம் எனக்குத் தெளிவாக இருந்தது. மனிதர் களைத்துப்போவார். ஐப்பசியில் என் காசு நிறைந்துவிடும். அப்போது நான் பெரிய மனதோடு, "சரி, உறவுக்காக நான் எடுக்கிறன்" என்பேன். பிறகு புதுப் பம்ப். மனைவிக்கு அடுத்த வருடம் குசினி. கண்ணூறு பட்டுவிட்டது என்று மச்சாள் இரண்டாம் தரமும் மிளகாய் சுற்றினாளாம். சுற்றவேண்டியது காரை இல்லை, என்னை.

ஐப்பசி வந்தது. மரங்கள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. கடைசியாக வந்த சனிக்கிழமைக் காசோடு தொகை நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்பதென்று வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கராஜ் முற்றத்தில் கனமான ஒரு எஞ்சின் சத்தம். எட்டு சிலிண்டர். வெளியே வந்து பார்த்தால் அந்தச் சிவப்பு அமெரிக்கனிலிருந்து சகலன் இறங்குகிறார்.

"அண்ணை, கடைசியா உங்கட சொல்லைக் கேட்டுட்டன்" என்று சிரித்தார்.

"பச்சை?"

"குடுத்திட்டன். மியூனிக்கில இருக்கிற ஒரு இந்தியத் தமிழ்ப் பெடியன், கொம்பியூட்டர் வேலை. போன சனிக்கிழமை வந்து கொண்டு போயிட்டான். துலைஞ்சால் போதும் எண்டு வாங்கினதிலயும் நல்லாக் குறைச்சுத்தான் குடுத்தனான்." தொகையைச் சொன்னார். என்னிடம் இருந்ததற்குள் அடங்கி, குசினிக்கு ஒரு அடுப்பு வாங்கவும் மிஞ்சும்.

நான் அமெரிக்கனின் பொனெற்றைத் திறந்தேன். எங்காவது பார்க்கவேண்டியிருந்தது.

"ஒரு பகிடி கேளுங்கோ" என்றார். "அங்க ஒரு கராஜில ஒரேயொரு பெற்றோல் பம்ப் மாத்தினவையாம். இப்ப ஒரு வில்லங்கமும் இல்லாமல் ஓடுதாம். நீங்கள் பாவம், ஒரு கோடை முழுக்கத் தட்டித் தட்டியே என்னை வீட்டை கொண்டுவந்து சேத்தியள்."

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்ணை, நான் உங்களிட்ட ஒரு மன்னிப்புக் கேக்க வேணும். நீங்கள் வேண்டாம் எண்டு எழுதித் தரேக்க நான் பிழையா விளங்கிட்டன். உங்களுக்கு எரிச்சல், அதான் தடுக்கிறியள் எண்டு நினைச்சன். அதாலதான் ஓடிப்போய் எடுத்தனான். பாத்தால் நீங்கள் எழுதினது வரிக்கு வரி உண்மை."

"விடும்" என்றேன்.

"விக்கேக்க அக்கா என்ர மனிசியிட்டச் சொன்னவவாம், அத்தானுக்கு அந்தக் காரில ஒரு விருப்பம் போல, ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ எண்டு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அண்ணைக்கு அதைக் கண்ணிலயும் காட்டக்கூடாது, இந்தா அவற்ற கையெழுத்து எண்டு அந்தக் கடதாசியை எடுத்துக் காட்டினன். 'பச்சை வேண்டாம்' எண்டு கோடும் இழுத்தெல்லோ விட்டிருக்கிறியள்." சிரித்தார். "இல்லாட்டி உங்களுக்குச் சும்மாவே தந்திருப்பன்."

பொனெற்றை மூடினேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம், எனக்கென்னத்துக்கு அது" என்றேன். பிறகு, இது நல்ல கார், பாகமெல்லாம் மலிவு, ஒயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றும் என்றேன். அதுவும் வரிக்கு வரி உண்மை.

அவர் போன பிறகு அலமாரியைத் திறந்து மதியச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தேன். பம்ப் இன்னும் பிரிக்காத பெட்டிக்குள் அதே இடத்தில் இருந்தது. வீட்டுக்குப் போனேன். மனைவி மேசையில் குசினிப் படங்கள் உள்ள புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள். "எதைப்பா எடுப்பம், நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். உமக்கு எது விருப்பமோ அதை எடும் என்றேன்.